பாதைக்கு முதுகு காட்டிய மரம்

உயிரோடு இருந்த ஒரு கருமருது மரத்தைப் பட்டுப்போனது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். புதிதாகச் சேர்ந்தவன் செய்த தப்பு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. இந்த வருடம் வனக்காப்பாளர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பிடித்த கள்ளக்கட்டைகள், துரத்திய யானைகள், வாங்கிய பாராட்டுக் கடிதங்கள் எல்லாம் என் மனைவிக்கு மனப்பாடம். வேண்டுமானால் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இந்த மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் காரிமங்கலம் பக்கத்தில் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் மரம் என்றால் புளி, வேம்பு, மா, தென்னை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. வரப்பில் தானாக முளைத்து எதுவும் காய்க்காமல் நிற்கிற மரத்தைப் பார்த்தால் அப்பா, “அது சும்மா நிக்குதுடா” என்பார். அந்த வார்த்தை அதற்குக் கொடுக்கப்பட்ட தண்டனை மாதிரி இருக்கும். அடுத்த வெயிலில் அது அடுப்புக்குப் போய்விடும். காக்கிச் சட்டை போட்ட பிறகும் ரொம்ப நாள் நான் காட்டை அந்தக் கண்ணால்தான் பார்த்தேன். இது எதற்கு ஆகும், இதனால் யாருக்கு என்ன, இவ்வளவுதான் கேள்வி.

பென்னாகரத்துக்கு மேலே இருக்கும் எங்கள் காட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மீன் வறுவல் நினைப்போடு ஒகேனக்கல் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஜன்னலுக்கு வெளியே ஓடும் காய்ந்த குச்சிகள். பங்குனி மாதத்தில் நடந்து போனால் காலடியில் சருகு நொறுங்கும் சத்தம்தான் கேட்கும். நிழல் என்ற பேச்சே கிடையாது. ஆனால் அந்தக் காடு காய்ந்து போவதில்லை. தண்ணீர் வராத மாதங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, இலைகளைத் தானே உதிர்த்துவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நாம் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்து அப்படித்தான் செய்கிறது. நம்மிடம் கேட்டுச் செய்வதில்லை.

நான் சொல்லும் மரம், மலை மேல் இருக்கும் ஒரு சிற்றூருக்குப் போகும் மண்பாதையை ஒட்டி நின்றது. ஊரில் நாற்பது வீடு இருக்கும். வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ் பேசுகிறவர்கள். பாதைக்கு ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் செங்குத்தாக ஓடைப் பள்ளம். மரம் பள்ளத்தின் விளிம்பில், பள்ளத்தைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்தாற்போல் நின்றது. மூன்று பேர் கைகோர்த்தால்தான் கட்டிப் பிடிக்கலாம். பட்டை முழுக்கக் கட்டம் கட்டமாக வெடித்து முதலை முதுகு மாதிரி இருக்கும். ஊர்க்காரர்கள் அதை மத்தி மரம் என்பார்கள். வயது யாருக்கும் தெரியாது. எப்போதோ நடந்த கணக்கெடுப்பில் பாதைப் பக்கம் ஒரு தகரத்தில் 47 என்று எழுதி ஆணி அடித்திருந்தார்கள். எங்கள் துறைக்கு அதைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

தொடர்ந்து இரண்டு வருடம் மழை ஏமாற்றிய சமயம், பங்குனி மாதம். அந்த மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து, பாதையில் போன ஒரு கிடேரியின் முதுகில் விழுந்து அது செத்துப்போனது. கிடேரிக்காரி மாதம்மா. நாற்பது வயதிருக்கும், ஊர்ப் பெண்களைச் சேர்த்துப் புளியும் சீமாறுப் புல்லும் சேகரிக்கிற குழுவுக்குத் தலைவி. ஊரே கைநாட்டும் கையெழுத்தும் போட்ட மனுவோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“மாடு போனது போவட்டுங்க சார். அந்த வழியிலதான் எங்க புள்ளைங்க தெனம் பள்ளிக்கூடம் போவுது. மேல இன்னும் ரெண்டு கொம்பு காஞ்சு தொங்குது. அது புள்ளைங்க மேல வுழுந்தா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?”

நியாயமான கேள்வி. மறுநாளே பார்க்கப் போனேன். கூடவே வந்தவர் எங்கள் வேட்டைத் தடுப்புக் காவலர் முருகன். அதே மலைக்காரர், என்னைவிட வயதில் சின்னவர், பேச்சு குறைவு. மதியம் இரண்டு மணி வெயில். பாதையில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு இலை இல்லை. உச்சியிலிருந்து அடி வரை இடி இறங்கிய தழும்பு. கத்தியை எடுத்து மார்பு உயரத்தில் மூன்று இடத்தில் பட்டையைச் சீவினேன். மூன்று இடத்திலும் உள்ளே பச்சை இல்லை, பொடி பொடியாக உதிர்ந்தது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தேன் என்பதைக் கவனியுங்கள்.

முருகன், “அந்தப் பக்கம் எறங்கி ஒரு தடவ பாத்துடலாங்களா சார்?” என்றார்.

அந்தப் பக்கம் என்பது ஓடைப் பள்ளம். கால் வைத்தால் கல் உருளும். எனக்கு அப்போதே முழங்கால் வலி உண்டு. “ஏன் முருகா, மரம் ஒண்ணுதான? இந்தப் பக்கம் செத்தது அந்தப் பக்கம் பொழைச்சா கெடக்கும்?” என்றேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். முருகனும் மரியாதைக்குச் சிரித்தார். நான் மரத்தடியிலேயே உட்கார்ந்து, ‘எண் 47, கருமருது, முழுவதும் பட்டுப்போனது, பொதுமக்களுக்கு ஆபத்து, வெட்டி அகற்றப் பரிந்துரை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என் கையெழுத்தை நம்பி ரேஞ்சர் மேலே அனுப்பினார். சித்திரை கடைசியில் ஆர்டர் வந்தது.

வெட்டுகிற நாள் காலையில் அரூரிலிருந்து கோவிந்தன் மெஷின் ரம்பத்தோடும் இரண்டு ஆட்களோடும் வந்திறங்கினார். தொழிலில் நிதானமான மனிதர். மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாய்வு பள்ளத்துப் பக்கம் இருப்பதால் அந்தப் பக்கமே சாய்க்கலாம், முதல் வாயை அங்கேதான் வெட்ட வேண்டும் என்றார். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். நான் ஆர்டரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாதையில் நின்றேன். மேட்டில் ஊர் ஜனம் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தது. மாதம்மா முன் வரிசையில் இருந்தாள்.

ரம்பம் கொஞ்ச நேரம் ஓடியது. திடீரென்று சத்தம் மாறி நின்றுபோனது.

“சார், செத்த எறங்கி வாங்க.”

“என்னப்பா, கல்லா?”

“தண்ணிங்க.”

பங்குனியில் இறங்காத அந்தச் சரிவில் அன்று நான் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் பேன்ட்டின் பின்பக்கத்தாலும் இறங்கினேன். ரம்பம் ஒரு சாண் ஆழம் போயிருந்தது. அந்தக் கீறலிலிருந்து தண்ணீர் வளைந்து பீய்ச்சி கோவிந்தனின் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. கசிவு என்று நினைத்துவிடாதீர்கள், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து எட்டிப் பார்த்த ஒரு பெண், “நீரு, நீரு” என்று கன்னடத்தில் கத்தினாள். முருகன் தன் தூக்குச்சட்டியைக் காலி செய்து பிடித்தார். அது நிறைந்து வழிந்த பிறகும் நிற்கவில்லை. நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். லேசான துவர்ப்பு. அந்த வெயிலில் அப்படி ஒரு குளிர்ச்சி. ஊரில் போர்வெல் வற்றி, வாரத்துக்கு இரண்டு முறை வரும் டேங்கர் லாரிக்குக் குடங்கள் வரிசையில் நின்ற காலம் அது.

கருமருது கோடைக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கும் என்று பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் புலியைப் பார்த்த கதையில் எவ்வளவு நம்புவேனோ அவ்வளவுதான் அதையும் நம்பியிருந்தேன்.

தண்ணீரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பட்ட மரத்தின் பொந்திலும் மழைத் தண்ணீர் தேங்கும். என் அறிக்கையைக் காப்பாற்ற அந்த நேரத்தில் என் மனது அதைத்தான் பிடித்துக்கொண்டது. எந்த மழை? இரண்டு வருடமாகத்தான் மழையே இல்லையே. கத்தியை எடுத்துப் பள்ளத்துப் பக்கப் பட்டையைச் சீவினேன். பட்டைக்குக் கீழே பச்சையாக, ஈரமாக, விரலில் ஒட்டியது. பிறகுதான் அந்தப் பக்கம் நின்று முதல் முறையாக அண்ணாந்து பார்த்தேன். பாதைக்குத் தெரியாமல் பள்ளத்தின் மேல் பரந்திருந்த ஐந்தாறு பெரிய கிளைகளின் நுனியெல்லாம் சிவப்பாகச் சின்னச் சின்னக் குருத்து விட்டிருந்தது.

இடி விழுந்து செத்தது பாதைப் பக்கம் மட்டும். அந்த மரம் உயிரோடு இருந்ததெல்லாம் காட்டுப் பக்கம். நாங்கள் தினமும் அதன் முதுகைப் பார்த்துவிட்டு முகத்தைப் பற்றி எழுதியிருக்கிறோம்.

அங்கிருந்து மரத்தின் ஓரத்தைச் சுற்றி எட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பட்ட பக்கம்தான் வாடகைக்கு விட்ட பக்கம். குக்குறுவான் பறவை குடைந்த பொந்துகள் மேலிருந்து கீழாக நான்கு. ஒரு வெடிப்பிலிருந்து பொந்துத் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. ஒரு பல்லி உரித்துப்போட்ட தோல் ஓட்டையில் மாட்டிக் காற்றில் ஆடியது. நான் அறிக்கையில் ஆபத்து என்று ஒரே வார்த்தையில் எழுதிய இடத்தில் அத்தனை குடித்தனம். அந்த மரத்தின் கணக்கில் நாங்கள் எந்தப் பத்தியிலும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு நடுவிலும், இப்படி ஒன்றைப் பார்க்கக் கிடைத்ததே என்று சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அப்போது முருகன் என் கையைத் தொட்டார். வேருக்கடியில் சருகைத் தள்ளிக் காட்டினார். ஒரு நடுகல். நம் மாவட்டத்தில் நடுகல் புதிதில்லை, வயல் வரப்பிலெல்லாம் கிடக்கும். இது வாளை ஓங்கிய ஒரு கை, பாதி முகம், அவ்வளவுதான் வெளியே இருந்தது. மீதி வீரன் வேருக்குள் போய்விட்டான். அவன் எந்தச் சண்டையில் செத்தானோ, அவனுக்குக் கல் நட்டவர்கள் யாரோ, மரம் அதையெல்லாம் விசாரிக்காமல் தன் பாட்டுக்குப் பருத்திருக்கிறது.

முருகன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “சார், மேல போயி சாமி கல்லு இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. மரத்து மேல யாரும் கை வெக்க மாட்டாங்க. ஆர்டரு கீர்டரு எதுவும் எடுபடாது. நாம தப்பிச்சுக்கலாம்.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. என் தப்பான அறிக்கைகூட அந்தக் கல்லுக்கடியில் மறைந்துவிடும். இரண்டு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் நான் ரோந்து சுற்றிய இன்னொரு பீட்டில் இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். நல்ல மரத்தடியில் ஒரு கல் கண்டெடுத்தார்கள். முதலில் மஞ்சள் பூசினார்கள். பிறகு தகரக் கூரை, பிறகு வேரைச் சுற்றி சிமென்ட் மேடை, டியூப் லைட், ஒலிபெருக்கி. சில வருடங்களில் மரம் மூச்சுமுட்டிச் செத்தது. கூரை இன்னும் இருக்கிறது. கும்பிட்டவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் கும்பிடுகிறவன்தான். நமக்கு ஒரு காரணம் இருந்தால்தான் மரம் நிற்கலாம் என்றால், அந்தக் காரணம் போகும் நாளில் மரமும் போகும். இது மரம் என்பதற்காகவே நிற்கட்டும் என்று தோன்றியது.

“சருக மூடிடு முருகா,” என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு மூடினார். நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்கு முழு நிச்சயம் இல்லை.

மேலே ஏறி வந்து ஊர் ஜனத்தின் முன்னால் சொன்னேன். “மரம் உசுரோட இருக்குது. நான்தான் ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு தப்பா எழுதிட்டேன். இத வெட்ட முடியாது.”

மாதம்மா எழுந்து நின்றாள். “உசுரோட இருந்தா கொம்பு வுழாதுங்களா?”

நான் கோவிந்தனைப் பார்த்தேன். காய்ந்த கிளைகளை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்டேன். “செத்த கொம்புல ஏற மாட்டேங்க. ஆளையும் ஏத்த மாட்டேன். தேனு வேற இருக்குது,” என்றார். அப்படியானால் இந்த அறுப்போடு காற்று அடித்தால் மரம் தாங்குமா என்று கேட்டேன். “இம்மாம் பெரிய மரத்துக்கு அது கீறல்தானுங்க. தாங்கும். ஆனா எழுதிக் குடுன்னா குடுக்க மாட்டேன்.” நேர்மையான பதில். கேட்டவனுக்குத்தான் உதவவில்லை.

நிலைமையை நீங்களும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சட்டைப் பையில் வெட்டச் சொல்லும் ஆர்டர். அந்த இடத்தில் செல்போன் சிக்னல் கிடையாது, ரேஞ்சரைக் கேட்க முடியாது. வெட்டினால் என்னை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. வெட்டாமல் விட்டு நாளைக்கு ஒரு பிள்ளை மேல் கிளை விழுந்தால், கையில் ஆர்டர் இருந்தும் வெட்டாதவன் என்று என் பெயர்தான் இருக்கும். அந்தப் பிள்ளையின் தாய் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழைக்கு முன்னால் என்ன காற்று அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாதம்மாவின் பயமும் நிஜம், மரத்தின் உயிரும் நிஜம். இதில் நகர முடிந்தது எது என்று யோசித்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது.

“பாதைய நகத்தினா என்ன?” என்றேன்.

“எங்க மாமனாரு காலத்துலேர்ந்து நடக்குற பாதைங்க இது,” என்றாள் மாதம்மா.

“மரத்தால நகர முடியாதும்மா. நம்மாலதான் முடியும்.”

அவள் சரிவை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் தீர்ந்துவிடவில்லை, ஆனால் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்தது. “கீழால போவ முடியாது. அது ஓடைக்கு ஆனைங்க எறங்குற தடம். மேல, அந்தப் பாறைக்குப் பின்னால சுத்திப் போவலாம். கல்லு அடுக்கணும்,” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “எங்க ஆளுங்க மட்டும் கல்லு தூக்க மாட்டாங்க. உங்க ஆளுங்களும் தூக்கணும். நீங்களும்தான்,” என்றாள்.

ஒத்துக்கொண்டேன். பாதையின் இரண்டு முனையிலும் முள் வெட்டிப் போட்டு அடைத்தோம். ஒரு முனையில் முருகன், மறுமுனையில் நான். என் பக்கத்தில் மாதம்மாவும் நின்றாள். நான் ஏமாற்றிவிட்டுப் போய்விடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

நாலு மணிக்குக் காற்று வந்தது. புழுதி, சருகு, பிறகு பெரிய பெரிய துளிகள். சந்தையிலிருந்து திரும்பி வந்த ஏழெட்டுப் பெண்களை முருகன் கீழ் முனையில் நிறுத்திவிட்டார். தலையில் மூட்டையோடு நனைந்துகொண்டு அவர்கள் எங்கள் துறையையும் என் குடும்பத்தையும் சேர்த்துத் திட்டியது மழைச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. மரம் காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஒரு சாண் அறுப்பு என் முதுகில் இருப்பது மாதிரி இருந்தது. விழுந்துவிடுமோ என்று பயந்தேன். விழுந்தால் அதைக் கொன்றது ரம்பம் இல்லை, என் பேனா.

ஒரு முறிவுச் சத்தம். காய்ந்த கிளைகளில் பெரியது, தலைகீழாகப் பாதையின் நடுவில் இறங்கியது. தரை அதிர்ந்தது. அந்தப் பெண்கள் திட்டுவது நின்றது. முள்ளைப் போடாமல் இருந்திருந்தால் அந்த நேரத்துக்கு அவர்கள் சரியாக அங்கேதான் வந்திருப்பார்கள்.

“பாத்தீங்களா,” என்றாள் மாதம்மா. அவள் சொன்னதுதான் நடந்தது. மரம் நின்றதும் உண்மை. நாங்கள் இருவருமே வென்ற மாதிரி இல்லை. அவள் என்னை உட்காரச் சொல்லி ஒரு கல்லைக் காட்டினாள்.

மறுநாள் காலையில் ரேஞ்சரிடம் போனேன். அவர் பெயரை எழுத வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேசாத மனிதர், சிவப்பு மையில் எழுதுவதில் மட்டும் தாராளம். எல்லாவற்றையும் சொன்னேன், நடுகல்லையும் சொன்னேன். முதல் நாள் இரவே புதிய அறிக்கை எழுதி எடுத்துப் போயிருந்தேன். அதில் ‘பின்னர் மேற்படி மரம் உயிர்பெற்றுத் துளிர்த்திருப்பது கண்டறியப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. என் மானத்தைக் காப்பாற்ற நான் யோசித்து யோசித்துச் செதுக்கிய வரி. அவர் சிவப்பு மைப் பேனாவால் அதை அடித்தார்.

“மரம் எதுவும் பண்ணலய்யா. அது பாட்டுக்கு இருந்த மாதிரியே இருந்துச்சு. நீ பாக்கல. அத எழுது.”

அப்படியே எழுதினேன். ‘நான் பார்க்கவில்லை.’ என் சர்வீஸில் நான் எழுதிய மிகச் சிறிய வாக்கியம், மிகவும் கஷ்டப்பட்டு எழுதியதும் அதுதான். கல்லைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னார், ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம் என்றார். பாதையை நகர்த்த அனுமதி வாங்கிக் கொடுத்தார். எனக்கு மேலிடத்திலிருந்து ஒரு மெமோவும் எச்சரிக்கையும் வந்தன. கொடுத்த வாக்குப்படி எட்டு நாள் கல் தூக்கினேன். மாதம்மா என்னை ஒரு நாள்கூட ஓய்வெடுக்க விடவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, போன மாசியில் அங்கே ஒரு தடவை போய் வந்தேன். புதுப் பாதை இப்போது பாதை என்றே ஆகிவிட்டது. புதிது என்று அதை யாரும் சொல்வதில்லை. பழைய பாதையைக் கண்டுபிடிக்க எனக்கே நேரம் பிடித்தது. புல் மூடி, நடுவில் கடமான் புழுக்கை கிடந்தது. மாதம்மா ஊரிலிருந்து கூட வந்தாள். தலை நரைத்திருக்கிறது, குரல் அப்படியே இருக்கிறது.

மரத்தின் பட்ட பாதி மொத்தமாகக் கழன்று பழைய பாதையின் மேல் படுத்திருந்தது. அதன் மேல் காளான் அடுக்கடுக்காகப் பூத்திருந்தது. உயிருள்ள பாதி நிமிர்ந்து நின்றது. பள்ளத்தில் மெல்ல இறங்கி அந்த அறுப்பைத் தேடினேன். இரண்டு பக்கத்துப் பட்டையும் வளர்ந்து வந்து ஒன்றையொன்று தொட்டு, ஒரு கோடுதான் மிச்சம் இருந்தது. மரம் என்னை மன்னித்துவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ரேஞ்சர் அந்த வரியை அடித்துவிடுவார். அது யாரையும் மன்னிக்கவில்லை. வெட்டுப்பட்ட இடத்தில் பட்டை வளர்ந்தது. என் ஞாபகம் அதற்கு எதற்கு?

கூடவே இறங்கி வந்த மாதம்மா குனிந்து சருகைத் தள்ளினாள். வாள் பிடித்த கை மட்டும் தெரிந்தது. பாதி முகத்தையும் வேர் மூடிவிட்டது.

“உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“அடுத்த வருசமே ஆடு தேடி எறங்கறப்ப பாத்துட்டேங்க. இத அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்க வாயே தொறந்திருக்க மாட்டோம். கும்புட்டுட்டு வூட்டுக்குப் போயிருப்போம். எதுக்கு எங்ககிட்ட அத்தன பேச்சு வாங்குனீங்க?”

“மரம் மரமாவே நிக்கட்டும்னுதான்.”

அவள் மேலே கிளைகளைப் பார்த்தாள். பிறகு சருகைப் பழையபடி தள்ளி மூடினாள். “நானும் யாருகிட்டயும் சொல்லலீங்க,” என்றாள்.

அப்பா இருந்திருந்தால் அந்த மரத்தைப் பார்த்து அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார். சும்மா நிற்கிறது. நானும் அன்று அதையேதான் நினைத்தேன், ஆனால் பிரமிப்போடு.

ஏறி வரும்போது படுத்திருந்த பட்ட பாதியில் அந்தத் தகரம் கண்ணில் பட்டது. துரு ஏறி, ஆணி கழன்று, 47 பாதி அழிந்து கிடந்தது. எடுக்காமல் விட்டுவிட்டு வந்தேன். ஆகவே அடுத்த கணக்கெடுப்புக்கு அந்தப் பக்கம் போகும்போது எண் இல்லாத ஒரு கருமருது உங்கள் கண்ணில் படும். கையில் சுத்தியலும் தகரமும் இருக்கும், ஆணி அடிக்கக் கை துறுதுறுக்கும். அடிப்பதற்கு முன்னால் அந்தப் பக்கம் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுங்கள். சரிவில் கல் உருளும், முருகன் இன்னும் அந்த பீட்டில்தான் இருக்கிறார், அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.